கிளிப்பச்சை பிரேக் ட்ரம்

கருப்பு கேட்டவனுக்குக் கிளிப்பச்சையில் வந்து சேர்ந்தன இரண்டு பிரேக் ட்ரம்களும்.

மதன் அவற்றைக் கூடத்து மேசையில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றான். மாமனார் பரமசிவம் பேப்பரை மடித்தார்.

"என்ன மாப்பிள்ளை இது, முளைப்பாரிச் சட்டி மாதிரி?"

"பின்சக்கர ட்ரம் மாமா. கலர் மாத்திப் போட்டுட்டாங்க."

"அப்பம் எப்பம் கிளம்புதீய?"

இதைத்தான் அவர் தினமும் கேட்டார். மனைவி கவிப்ரியா இறந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. மகளே இல்லாத வீட்டில் மருமகன் எதற்கு என்று அவரும் மாமியாரும் வாய்விட்டுச் சொல்வதற்குள் டெல்லி கிட்வாய் நகர் வீட்டைக் காலி செய்துவிட வேண்டும் என்பது மதனின் கணக்கு. குருகிராமில் ஒரு வீடு பார்த்துவிட்டான். கார் தயாரானதும் போய்விடுவதாகச் சொல்லியும்விட்டான்.

கார் கவிப்ரியாவுடையது. சக்கரத்து இடைவெளியில் துருப்பிடித்த ட்ரம் தெரிவது கேவலமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். அதை மட்டும் சரிசெய்துவிட்டுப் போகலாம் என்று சக்கரத்தைக் கழற்றி, ட்ரம்மைச் சுத்தியலால் தட்டித் தட்டி எடுத்து, ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தான். துருவைச் சுரண்டாமல் அடித்ததில், மறுநாளே அது அப்பளம் போலப் பொரிந்து எழுந்தது.

"பவுடர் கோட்டிங் பண்ணிருங்க," என்று யோசனை சொன்னவர் பரமசிவம்தான். "ஓக்லாவுல பல்பீர் சிங்னு நமக்குத் தெரிஞ்ச ஆளு. இப்பமே போங்க."

என்னை அனுப்ப இவ்வளவு அவசரமா என்று இருந்தது மதனுக்கு. போனான். அப்படிக் கிடைத்ததுதான் கிளிப்பச்சை.

திரும்பவும் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனான்.

"அட, பச்சையா வந்துடுச்சே!" என்று பல்பீர் சிங் இந்தியில் அதிசயப்பட்டார், ஏதோ ட்ரம் தானாகத் துளிர்த்துவிட்டது போல.

இந்தத் தடவை கூடவே நின்று பார்ப்பது என்று மதன் தீர்மானித்தான்.

பச்சையை உரித்து, ட்ரம்மைக் கொக்கியில் தொங்கவிட்டார்கள். துப்பாக்கி போன்ற ஒன்றிலிருந்து கருப்புப் பொடி புகையாகக் கிளம்பியது. ஈரம் இல்லை, பசை இல்லை. மின்சாரம் ஏறிய பொடி காற்றிலேயே வளைந்து போய், ட்ரம்மின் முதுகுப்பக்கத்தையும் தேடிப் பிடித்து ஒட்டிக்கொண்டது. அடுப்புக்குள் போய் உருகி வெளியே வந்தபோது, பட்டறையின் ட்யூப் லைட் முழுசாக அதில் தெரிந்தது.

மதன் வாயைத் திறந்தபடி நின்றான். ஒரு வருஷமாக அவனுக்கு எதுவும் ருசித்ததில்லை. எதுவும் வலித்ததும் இல்லை. இப்போது உடம்பு சிலிர்த்தது. அதுவும் ஒரு பிரேக் ட்ரம்மைப் பார்த்து.

"இவ்வளவு அழகா இருக்கே, பாய்சாப்!"

"உங்களுக்காக உள்பக்கமும் போட்டிருக்கேன்."

அந்தப் பிரமிப்பில், உள்பக்கம் போடலாமா என்று கேட்க அவனுக்குத் தோன்றவில்லை. வீட்டில் மாட்டி, காரைக் கிளப்பி, காலனி கேட் அருகே பிரேக்கை மிதித்தான். கார் மரியாதையாக நழுவிப் போய்க் கேட்டை முத்தமிட்டது. காவலாளி ஒரு சல்யூட் வைத்தான்.

பரமசிவம் செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்தார். "அடி பட்டுச்சா மாப்பிள்ளை?"

"இல்ல மாமா. பிரேக் சரியாப் பிடிக்கல. உள்ள பிரேக் ஷூ உரசுற இடம் வெறும் இரும்பாத்தான் இருக்கணும். அங்கயும் பூசிட்டாங்க."

"ஆளைக் கொல்லவா பாக்கான் அந்தப் பய? இருக்கட்டும், நாளைக்குப் பேசுதேன்!" அவருக்கு மூச்சு வாங்கியது. "அப்பம்... இன்னைக்கும் கிளம்பலியா?"

மாடி ஜன்னலிலிருந்து மாமியார் ராஜாத்தி எட்டிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் ஏறி வாங்க, அடை ஆறுது! மாப்பிள்ளை, புது வீட்டுக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட்ல அப்பளம், வத்தல் எல்லாம் வாங்கி வச்சாச்சு."

மூட்டையே கட்டிவிட்டார்கள் என்று மதன் நினைத்துக்கொண்டான்.

மறுநாள் மதன் கழற்றிக் கொண்டுபோன ட்ரம்களை, உள்பக்கத்தைச் சுரண்டித் தருவதாகப் பல்பீர் சிங் வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டு நாள் கழித்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். வீட்டில் வந்து பிரித்தால், ட்ரம் வண்டியில் ஏறவே மாட்டேன் என்றது. அது ஏதோ ஜீப்பினுடையது.

மதன் பொட்டலத்தைப் பட்டறை மேசையில் தொப்பென்று போட்டான். ஒரு வருஷத்தில் அவன் முதல்முறையாகக் கத்தினான்.

"போதும் பாய்சாப்! என் ட்ரம்மைக் குடுங்க, வேற கடை பாத்துக்கறேன். எப்பக் கிளம்புவேன்னு வீட்ல தினம் கேக்கறாங்க. நான் அங்க இருக்கறதே அவங்களுக்குப் பாரம். உங்களுக்குப் புரியுதா?"

பல்பீர் சிங் குனிந்து, மேசைக்கு அடியிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்து அவிழ்த்தார். இரண்டு ட்ரம்கள். வெளியே கண்ணாடிக் கருப்பு. உள்ளே சுத்தமான இரும்பு. ஒரு குறை சொல்ல முடியாது.

மதன் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தான். "இது... எப்ப ரெடியாச்சு?"

"அது எப்பவோ ஆச்சு. தாராளமா வேற கடைக்குப் போங்க. ஆனா எந்தக் கடைன்னு உங்க மாமனார் அங்கிள்ஜிகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. ஒவ்வொரு தடவையும் உங்களுக்கு முன்னாடி ஆட்டோ பிடிச்சு வந்து, 'இந்தத் தடவை என்ன தப்புப் பண்ணலாம் சர்தார்ஜி'ன்னு கேக்கற மனுஷன், பாவம், டெல்லி முழுக்க எங்கேன்னு தேடுவார்?"