சம்பந்திக்கு விலங்கு போட்ட சூரியப் பூசாரி

மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி திரு. தில்லையம்பலம் அவர்களுக்கு,

பிடோக்கிலிருந்து மருதப்பன் வணக்கத்துடன் எழுதுவது. தஞ்சோங் பகாரில் தாங்களும் இரஞ்சிதம் அம்மையாரும் மாப்பிள்ளை மயூரனும் சுகமாக இருக்க இறைவன் துணை நிற்கட்டும். எந்த இறைவன் என்று தாங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். பழைய முருகனையே சொல்கிறேன். இடையில் நான் போய்ச் சேர்ந்த அந்தப் புதியவரை அல்ல.

சனிக்கிழமையிலிருந்து தாங்கள் என் போனை எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் நான் அனுப்பிய மன்னிப்புகளுக்கெல்லாம் நீலக் கோடு மட்டும் வந்திருக்கிறது. நேரில் வர எனக்கு முகமில்லை. ஆகவே இதைத் தங்கள் புளோக்கின் கீழே உள்ள தபால் பெட்டியில் நானே வந்து போட்டுவிட்டு, லிஃப்ட் பக்கம் திரும்பாமல் போய்விடுவதாக உத்தேசம்.

அம்மையாரும் படிப்பார்கள் என்பதால் நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். என் மகள் ரக்ஷனாவும் மாப்பிள்ளையும் சனிக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டில் நண்பன் ரித்திக்கோடு ஆடும் கதை விளையாட்டில், நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் அப்பாக்கள் இருவரும் பழகிக்கொள்ளட்டும் என்று பிள்ளைகள்தான் நம்மைச் சேர்த்துவிட்டார்கள். ரித்திக் கதை சொல்வான், ஆளுக்கொரு வேடம், நினைத்த காரியம் நடக்குமா என்பதை இருபது முகமுள்ள டைஸ் தீர்மானிக்கும், பெரிய எண் விழுந்தால் நடக்கும், சின்ன எண் விழுந்தால் நடக்காது, அவ்வளவுதான். தாங்கள் திருடன் வேடம் எடுத்தீர்கள். சிக்னலில் பச்சை மனிதன் எரிந்தாலும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சாலையைக் கடக்கிற ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, திருடன்! என்னிடம் ரித்திக், "அங்கிள், நீங்க பஸ்ல டிக்கெட் இன்ஸ்பெக்டரா இருந்தவர்லா. சட்டத்துக்கும் நீதிக்கும் ஒரு சூரிய சாமி இருக்கு, அதுக்குப் பூசாரியா இருங்க, சூப்பரா இருக்கும்" என்றான். சாமிக்கு நீதிக்கதிரோன் என்று நானே பெயர் வைத்தேன். பொய் சொல்லக்கூடாது, குற்றவாளி சொந்தக்காரனே ஆனாலும் விடக்கூடாது, இதுதான் பூசாரியின் சத்தியம்.

மற்றவர்கள் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டார்கள். எனக்குச் சாமி என்றால் சாமிதான், பாதிச் சாமி கும்பிடத் தெரியாது. சனிக்கிழமைகளில் கறிபஃப் தொடுவதை விட்டேன். தலைக்குக் குளித்து விபூதி பூசிக்கொண்டுதான் மேசைக்கு வந்தேன். தேக்கா பக்கம் போனவன் கோயிலில் நவக்கிரகத்துச் சூரியனுக்கு அர்ச்சனையும் செய்தேன். குருக்கள் பெயர் கேட்டார், வாய் தவறி "நீதிக்கதிரோன் பூசாரி" என்று சொல்லிவிட்டேன், அவர் நட்சத்திரம் கேட்டார், நான் முழித்தேன், அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சுவாமி பேருக்கே பண்ணிடறேன்" என்று போய்விட்டார். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

போன சனிக்கிழமை, பூசாரிக்கு ஒரு மேலாடை வேண்டாமா என்று பீரோவைத் திறந்தேன். தங்க நிறத்தில் ஒன்று இருந்தது. நிச்சயத்தன்று தட்டு மாற்றும்போது தங்கள் தோளில் போர்த்துவதற்காக என் மனைவி சிவகாமசுந்தரி தேக்காவில் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கிய பொன்னாடை. தெரிந்தேதான் எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

அன்றைக்குக் கதையில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல், மருந்து அரண்மனைக் கிடங்கில் இருக்கிறது, ராஜா தரமாட்டேன் என்கிறார், தாங்கள் ஜன்னல் வழியாக இறங்கி ஒரு குப்பியை எடுத்து வந்தீர்கள், குழந்தை பிழைத்தது, எல்லாரும் கைதட்டினார்கள், கதை சொல்கிற ரித்திக்கே கைதட்டினான், நான் மட்டும் எழுந்து நின்று, "திருட்டு திருட்டுதான், காவலரிடம் ஒப்படைக்கிறேன்" என்றேன். நீங்க சிரிச்சீங்க. "சம்மந்தியார், பிள்ளைக்குக் காய்ச்சலெல்லோ, விடுங்கோ"ன்னீங்க. நான் விடலை. நீங்க ஓடப் பார்த்தீங்க, பிள்ளைங்க உங்களுக்காக ஒரே சத்தம். பிடிக்க முடியுமான்னு நான் டைஸை உருட்டினேன், அது முறுக்கு டின்னுக்குப் பின்னால போய் விழுந்துச்சு, எட்டிப் பார்த்து "பத்தொன்பது"ன்னு சொன்னேன். பத்தொன்பதுக்கு மேல யார் என்ன பேச முடியும்? அதோடயாவது நிறுத்தினேனா? தோள்ல கிடந்த பொன்னாடையை உருவி, கதையில இல்ல சம்பந்தி, நிஜமாவே, உங்க ரெண்டு கையையும் சேர்த்து வச்சுக் கட்டிட்டேன். அந்த வேகத்துல தே தாரிக் டீ கிளாஸ் கவிழ்ந்து பொன்னாடை முழுக்க ஊத்திடுச்சு. மாப்பிள்ளைதான் வந்து முடிச்சை அவிழ்த்தார். "அப்ப நான் வெளிக்கிடுறன்"னு நீங்க எழுந்து சாப்பிடாமயே போயிட்டீங்க. மாப்பிள்ளையைப் பெத்தவர், பொண்ணைக் கொடுக்கிறவன் கையால கட்டுப்பட்டு, பசியோட லிஃப்ட்ல இறங்கிப் போனார். நினைக்க நினைக்க எனக்கு உடம்பெல்லாம் கூசுது.

"பொண்ணைக் கட்டிக் கொடுக்கச் சொன்னா சம்பந்தியைக் கட்டிப் போட்டிருக்கீங்களே, அந்தச் சாமி என்ன உங்க குலசாமியா?"ன்னு சிவகாமசுந்தரி கேட்டுட்டு அழுதா. ரக்ஷனா திட்டினாக்கூடப் பரவாயில்லை. தட்டை வச்சுட்டு, "சாப்பிடுங்க"ன்னு சொல்லாமப் போறா. வர்ற ஞாயிற்றுக்கிழமை நிச்சயம் நடக்குமா நடக்காதான்னு எங்க வீட்டுல யாருக்கும் கேட்க வாய் வரலை.

தாங்கள் ஒன்றை மட்டும் பெரிய மனது வைத்து எண்ணிப் பார்க்க வேண்டும். எனக்குத் தங்கள் மீது கடுகளவும் மனத்தாங்கல் கிடையாது. சாமியின் சட்டம் அப்படி, டைஸும் அப்படி விழுந்துவிட்டது. பூசாரி வேலையை விட்டுவிட்டேன் என்று ரித்திக்கிடம் சொல்லிவிட்டேன். பொன்னாடையும் புதிதாக வாங்கியாயிற்று, அதை சிவகாமசுந்தரி எனக்குத் தெரியாத இடத்தில் வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தாங்கள் வந்து தட்டு மாற்றினால் போதும், என் மகளுக்கு வேறெதுவும் வேண்டாம்.

தங்கள் வீட்டில் சுபமே நிறையட்டும். அம்மையாருக்கு என் கும்பிடு. மாப்பிள்ளைக்கு என் ஆசி, ஆசி சொல்லும் தகுதி எனக்கு இன்னும் மிச்சமிருந்தால்.

தலை நிமிர முடியாமல்,
மருதப்பன்

பின்குறிப்பு: உறையை ஒட்டிட்டு மறுபடியும் கிழிச்சேன் சம்பந்தி. மேல மனத்தாங்கல் இல்லைன்னும், டைஸ் அப்படி விழுந்துச்சுன்னும் எழுதியிருக்கேன் பாருங்க, அதை அடிச்சிடுங்க. முறுக்கு டின்னுக்குப் பின்னால விழுந்தது மூணு. பார்த்தவன் நான் ஒருத்தன்தான். நீங்க ஓடப் பார்த்தப்ப ரக்ஷனா, "ஓடுங்கப்பா, ஓடுங்க!"ன்னு கத்தினா. என்னைத்தான் சொல்றான்னு நெனச்சு நான் ஒரு கால் எடுத்தே வச்சுட்டேன். எதுக்கு ஓடணும்னு எனக்குத் தெரியாது, அவ சொன்னா ஓட வேண்டியதுதானேன்னு இருந்துச்சு. திரும்பிப் பார்த்தா அவ உங்களைப் பார்த்துக் கத்திக்கிட்டு இருக்கா. அதுவரைக்கும் இந்த வீட்டுல அப்பான்னா நான் ஒருத்தன்தான். நீதிக்கதிரோன் பேர்ல எந்தத் தப்பும் இல்லை, பாவம் அவரு. ரக்ஷனாகிட்ட நானே சொல்லிடறேன். உங்களை அப்பான்னே கூப்பிடட்டும், வந்து கேட்டுக்குங்க. மூணு விழுந்தா திருடன் பிடிபட மாட்டான். சட்டப்படி நீங்க போன சனிக்கிழமையே தப்பிச்சுட்டீங்க.