குல்லாக்காரரின் செம்பருத்தி

விழுப்புரம் மாவட்டத்தில் குளிர்காலம் என்று ஒன்று இருப்பதாக மனதார நம்பிய ஒரே மனிதர் எங்கள் குல்லாக்காரர்தான். மற்றவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் வெயில், அதை விட்டால் புயல். மார்கழியில் விடியற்காலை கொஞ்சம் பனி விழும், டீ குடித்து முடிப்பதற்குள் அதுவும் போய்விடும். இந்த லட்சணத்துக்கு மனிதர் ஐப்பசியிலேயே குரங்குக் குல்லா மாட்டிக்கொண்டு வருவார். மாட்டிக்கொள்ளட்டும், அவர் தலை. ஆனால் ஒரு செம்பருத்திச் செடிக்குக் குளிர்காலம் காட்ட வேண்டும் என்று என் ஜன்னலைப் பிடுங்கிக்கொண்டாரே, அதை என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

திண்டிவனத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேப்பில் எங்கள் இருவருக்கும் வேலை. அவர் ரத்தம் எடுப்பார், நான் ரிப்போர்ட் அடிப்பேன். மெஷின்களுக்காக எங்கள் அறையில் இரவு பகலாக ஏசி ஓடும். அறைக்கு இருப்பது ஒரே ஜன்னல். அதன் கீழே என் மேஜை.

தினமும் விழுப்புரத்திலிருந்து ஒரே பஸ்ஸில்தான் போவோம். ஒருநாள் இடுப்பளவு செடியோடு வந்து, தொட்டியைத் தூக்கி ஜன்னலோர சீட்டில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் நின்றுகொண்டு வந்தேன்.

"இன்னாய்யா இது? லக்கேஜ் போடணும்" என்றார் கண்டக்டர்.

"லக்கேஜ் இல்லீங்க, பேஷண்ட்டு. லேபுக்குக் கூட்டிக்கினு போறோம்."

"கூட வர்றது யாரு?"

குல்லாக்காரர் கூசாமல் என்னைக் காட்டினார். பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்த்தது.

லேபுக்குள் நுழைந்ததும் அடுத்த அநியாயம்.

"தம்பி, கோச்சிக்காத. நீ கொஞ்சம் செவுத்துப் பக்கமா போய் ஒக்காந்துக்க. இதுக்கு வெளிச்சம் வேணும்."

"எனக்கு வேணாமாண்ணா?"

"உனக்குத்தான் டியூப்லைட்டு இருக்குதே."

ஏன் இந்தக் கூத்து என்று கேட்டேன். அவருக்கு ஒரே மகள். கனடாவில் வேலை. வெயில் காலத்தில் ஒரு கடையில் செம்பருத்தியைப் பார்த்துவிட்டு, நம்ம ஊர்ப் பூவாயிற்றே என்று வாங்கியிருக்கிறாள். பனி கொட்ட ஆரம்பித்ததும் செடியை வீட்டுக்குள் வைத்தாள். இலையெல்லாம் மஞ்சளாகிக் கொட்டுகிறதாம். அப்பாவிடம் வைத்தியம் கேட்டிருக்கிறாள். அப்பாவுக்கு என்ன தெரியும்? அவர் வீட்டுச் செம்பருத்தி, குளியலறைத் தண்ணீர் ஓடும் பக்கம் யாரோ நட்ட குச்சி. ஆடு கடித்தும் தழைத்த ஜாதி.

"அங்க ஹீட்டராம், காத்து காஞ்சி போவுதாம். நம்ம ஏசியும் காத்தக் காய வெக்குது இல்ல? இங்க வெச்சிப் பார்த்தாத்தான் அதுக்கு இன்னா நோவுன்னு தெரியும். பாப்பா போன்ல அழுவுது தம்பி. இந்தச் செடியும் போச்சுன்னா ஊருக்கே வந்துட்றேம்பான்னு சொல்லுது."

"வரட்டுமே."

"வந்தா எனக்கு சந்தோஷம்தான். தோத்துட்டு வரக்கூடாது இல்ல."

நியாயம்தான். ஆனாலும் என் கோபம் ஆறவில்லை. ஆறுகிற மாதிரியா அவர் நடந்துகொண்டார்? செடியில் வெள்ளைப் பூச்சி வந்தது. வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து, சரியாக நான் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் நேரம் பார்த்து அடித்தார். என் தயிர்சாதம் கசந்தது. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வந்த ஒரு அம்மா, கையை நீட்டிய வேகத்தில் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். பக்கத்துப் பிரம்மதேசம் கிராமத்திலிருந்து வந்த பெரியவர் செடியையே வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஏங்க, இதுக்கும் சுகர் பாக்கறீங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க, சாப்புடறதுக்கு முன்னாடி ஒரு வாட்டி, பின்னாடி ஒரு வாட்டி" என்றார் குல்லாக்காரர், சிரிக்காமல்.

எல்லாவற்றையும் விடக் கொடுமை அந்தத் தண்ணீர். மகளிடம் பேசி முடித்ததும் செடிக்கு ஒரு சொம்பு ஊற்றுவார். மகள் போனை எடுக்காத நாளில் ரெண்டு சொம்பு. தொட்டி வழிந்து என் பழைய மேஜையின் டிராயர் ஊறிப்போனது. ஏசிக் குளிரில் மண் காயவே இல்லை. இலைகள் மஞ்சளாகி ஒவ்வொன்றாக விழுந்தன. அங்கே மகளும் இலை விழுந்த படமாக அனுப்பிக்கொண்டிருந்தாள்.

லேப் ஓனரம்மா ஒருநாள் வந்து பார்த்தார். "பொங்கலுக்கு அப்புறம் இது இங்க இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குப் பஸ்ஸில் மனிதர் குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

பொங்கலுக்கு ஏசியையும் அணைத்துவிட்டு லேபை ஒரு வாரத்துக்குப் பூட்டினார்கள். ஓனரம்மா சாவியோடு வெளியூர் போய்விட்டார். மாட்டுப் பொங்கலன்று, கறிக்குழம்பில் கை வைத்த நேரத்தில் போன்.

"தம்பி, சாவி கெடைக்கல. தண்ணி இல்லாம செத்துடும்."

"ஊத்தி ஊத்தித்தான் பாதி செத்தாச்சேண்ணா" என்று எரிந்து விழுந்தேன். அவர் போனை வைத்துவிட்டார்.

லேப் திறந்த அன்று எனக்கு முன்னால் உள்ளே ஓடினார். தொட்டி மண் காய்ந்து வெடித்திருந்தது. செடியில் இலை என்று ஒன்றுகூட இல்லை. ஆனால் கணுவுக்குக் கணு பச்சையாகத் துளிர் விட்டிருந்தது. குல்லாக்காரர் மண்ணைத் தொட்டுப் பார்த்தார், துளிரைத் தொட்டுப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மகளுக்குப் போன் போட்டார்.

"பாப்பா, தண்ணி ஊத்தாத. நெனப்பு வர்றப்பல்லாம் ஊத்தாத. மண்ணு காஞ்சா மட்டும் ஊத்து. ஜன்னலாண்ட வெச்சிட்டு நீ உன் வேலையப் பாரு."

"நானும் தெனம் ரெண்டு வேள ஊத்தினேம்பா."

"தெரியும். என் பொண்ணாச்சே."

மாசி கடைசியில் படம் வந்தது. சிவப்பாக ஒரு பூ, கண்ணாடிக்கு வெளியே வெள்ளைவெளேர் என்று பனி. அதை எல்லோரிடமும் காட்டினார். ரத்தம் எடுக்கும்போது ஊசியைக் குத்திவிட்டுக் காட்டினார். ஓனரம்மாவும் பார்த்தார். அதன் பிறகு தொட்டியை எடுக்கச் சொல்லவில்லை. அதாவது, என் ஜன்னல் நிரந்தரமாகப் போயிற்று. இதைக் கேட்க நாதி உண்டா?

போன வருஷம் அவர் வேலையை விட்டுவிட்டு மகளிடமே போய்விட்டார். அந்தக் குல்லாவுக்கு ஒருவழியாக உருப்படியான வேலை கிடைத்தது. கிளம்பும்போது, "ஜன்னல நீயே எடுத்துக்க தம்பி" என்று பெருந்தன்மையாகச் சொன்னார். என் ஜன்னலை எனக்கே தானம் செய்கிறார்.

செடி ஜன்னலோரம் அப்படியே நிற்கிறது. நான் இன்னும் சுவர்ப் பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறேன். கேட்பவர்களிடம் வெயில் கண்ணைக் கூசுகிறது என்று சொல்கிறேன். அவர் நினைப்பு வரும்போதெல்லாம் எழுந்து போய்ச் சொம்பை எடுக்கிறேன். மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அப்படியே கீழே வைத்துவிடுகிறேன்.