கண்ணாடிக் கடைக்காரர் யோசனை கேட்கிறார்

யோசனை சொல்லுகிறவர்களைப் பற்றித்தான் எல்லாரும் அலுத்துக்கொள்கிறார்கள். யோசனை கேட்கிறவர்கள் என்று தனியாக ஓர் இனம் இருக்கிறது, அதை யாரும் கண்டுகொள்வதில்லை. பார்க்கப் பரம சாதுவாக இருப்பார்கள். தலையைச் சாய்த்து நம் அபிப்பிராயத்தைக் கேட்பார்கள். நமக்கும் உச்சி குளிர்ந்துபோய், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அரை மணி நேரம் பேசிவிடுவோம். பேசி முடித்துத் திரும்பிப் பார்த்தால், அதே கேள்வியை அடுத்த ஆளிடம் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரையே எடுத்துக்கொள்ளுங்கள். தொழிலில் மனிதர் புலி. வந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, சோதனைக்கென்று வைத்திருக்கும் கனத்த சட்டத்தை மூக்கில் மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிச் செருகி, "இது தெளிவா, அது தெளிவா? யோசிக்காதீங்க. முதல்ல வாயில வர்றதைச் சொல்லுங்க" என்பார். சுவரில் அவரே எழுதிய பலகை ஒன்று தொங்கும்: 'ஒருவர் கண்ணாடியை இன்னொருவர் அணியக் கூடாது.' அவ்வளவு கறார்.

வீட்டு விஷயத்தில்தான் மனிதர் குழம்பிப் போனார். மகளுக்குப் பள்ளிப் படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம். இங்கே இயற்பியல் வாத்தியார் வேலையை விட்டுப் போய்விட்டார். அந்த வகுப்பு நேரத்தில் பிள்ளைகள் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்க்கிறார்கள். தொலைவில் ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடம் இவளுக்கு இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறது. சனிக்கிழமை மதியத்துக்குள் பதில் வராவிட்டால் அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும். அனுப்புவதா, வேண்டாமா?

கேட்க ஆரம்பித்தார் பாருங்கள்! மளிகைக்கடைக்காரரைக் கேட்டார். மச்சினரைக் கேட்டார். மச்சினர் தப்பாகச் சொல்லியிருப்பாரோ என்று அவர் மனைவியைத் தனியாகக் கேட்டார். பல் பிடுங்கப் போன இடத்தில், வாயைத் திறந்துவைத்துக்கொண்டே மருத்துவரைக் கேட்டார். கடைக்கு வந்தவர்கள் பாடு இன்னும் மோசம். மூக்கில் சட்டம், எதிரே எல்லாம் மங்கல். எழுந்து ஓடவா முடியும்?

"கடைசி வருஷத்துல போய்ப் பள்ளிக்கூடத்தை மாத்தலாமா?"

"கீழ் வரிசை தெரியலைங்க" என்றார் ஒரு பெரியவர்.

"அது கிடக்கட்டும். மாத்தலாமா?"

அனுப்பச் சொன்னவரிடம், பிள்ளை அங்கே தனியாக ஏங்கிப்போனால் என்ன செய்வது என்பார். அனுப்ப வேண்டாம் என்றவரிடம், படிப்பு பாழாய்ப்போனால் யார் பொறுப்பு என்பார். கடைசியாகப் பேசியவர் சொன்னதே அன்றைய முடிவு. காலையில் மனைவி பரணிலிருந்து பெட்டியை இறக்குவார், மாலையில் ஏற்றுவார். வாரக் கடைசியில் அந்த அம்மாளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். இன்னும் கேட்க யார் பாக்கி என்று மட்டும் அந்த அம்மாள் முனகினார்.

மகள்தான் பாக்கி. அது கடைக்காரருக்குத் தோன்றவே இல்லை.

சனிக்கிழமை காலை அவளே கடைக்கு வந்தாள். கடையில் வேறு யாரும் இல்லை. அப்பாவைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள். சட்டத்தை அவர் மூக்கில் மாட்டி, சின்ன வயதிலிருந்து பார்த்த பழக்கத்தில் மளமளவென்று லென்ஸை மாற்றினாள்.

"ஒண்ணா, ரெண்டா?"

"ரெண்டு."

"இதுவா, அதுவா?"

"இது."

"நான் போகவா, வேண்டாமா?"

"வேண்டாம்."

அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னார்: "நீ போயிட்டா வீடு வெறிச்சுனு ஆயிடும்மா. என்னால தாங்க முடியாது."

இதை மளிகைக்கடையில் நின்றுகொண்டு எப்படிச் சொல்வது? அதனால்தான் பாவம், கேள்வியாகவே தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறார். மகளுக்கும் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் அவர் மகள் அல்லவா, விடவில்லை. சுவரில் இருந்த பலகையைக் காட்டினாள்.

"நீங்க சொன்னது உங்க கண்ணுக்கு உள்ள பவர்ப்பா. என்னை யாருமே நாற்காலியில உக்காரவைக்கலையே."

அவர் எழுந்தார். சட்டத்தைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை. அவளை உட்காரவைத்து, "நீ சொல்லு. யோசிக்காதே" என்றார்.

"போறேன்ப்பா."

அந்த நிமிடமே பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து சொல்லிவிட்டார், யாரையும் கேட்காமல். கண் தெரியாததால் மகள்தான் எண்ணை அழுத்திக் கொடுத்தாள். லென்ஸுக்குப் பின்னால் வழிந்ததைத் துடைக்கத்தான் அவருக்கு வழியில்லை.

ஆள் திருந்திவிட்டார் என்றா நினைக்கிறீர்கள்? அன்று மாலை கண் பார்க்க வந்த தபால்காரர் மூக்கில் சட்டத்தை மாட்டிவிட்டு, ஹாஸ்டல் பெட்டிக்குச் சாவிப் பூட்டு நல்லதா, நம்பர் பூட்டு நல்லதா என்று ஆரம்பித்துவிட்டார்.

நீங்கள் அந்த இனம் இல்லை என்கிறீர்கள். ரொம்ப சந்தோஷம். அப்புறம் எதற்கு, "நான் அப்படியா?" என்று கேட்கப் பக்கத்தில் இருப்பவரிடம் திரும்புகிறீர்கள்?