நகராத நட்சத்திரம்

"இன்னைக்கும் சேமியாதான், அண்ணே," என்று ஸ்டூடியோ சலாஹுதீன் ஈரப் படத்தைக் கொடியில் மாட்டினான்.

புள்ளி புள்ளியாக விழ வேண்டிய நட்சத்திரங்கள் இழை இழையாக விழுந்திருந்தன. நடுவே வால்நட்சத்திரம் சிந்திய மாவு மாதிரி கிடந்தது.

கார்த்திகேசு கொடிக்கு அருகே போய் அதை உற்றுப் பார்த்தார். எழுபத்தாறு வருஷத்துக்கு ஒருமுறை வருகிற விருந்தாளி. ஈப்போ பட்டறை ஒன்றில் ஃபிட்டரான அவருக்கு இப்போதே நாற்பத்தெட்டு. அடுத்த தடவை பார்ப்பது நடக்கிற காரியமா? நாளை முதல் நிலா வேறு வந்து வானத்தைக் கெடுத்துவிடும்.

"மோட்டாரைப் பார்த்தீங்களா?"

"பல்சக்கரமே மாத்திட்டேன்லா. முந்தாநாளைவிட நேத்து இழை நீளமாயிடுச்சு!"

"அச்சுக் குழாயோட குறி?"

"அதுல மட்டும் குறை சொல்லாதே. அச்சு துருவ நட்சத்திரத்தைப் பார்த்து நிக்குது."

வானம் அந்த ஒரு நட்சத்திரத்தைச் சுற்றித்தான் திரும்புகிறது. அச்சுக் குழாயை அதற்கு நேராக வைத்தால், பழைய கேசட் பெட்டியில் கழற்றிய மோட்டார் தொலைநோக்கியையும் அதில் கட்டிய கேமராவையும் வானத்தோடு சேர்த்துத் திருப்பும்; குறி தப்பினால் நட்சத்திரங்கள் இழையாகிவிடும். பேராக் மாநிலத்தில் அந்த நட்சத்திரம் அடிவானத்தை ஒட்டித்தான் தெரியும், பலர் கண்ணில் படவே படாது என்று புத்தகத்தில் படித்திருந்தார். ஆனால் முதல் நாளே வடக்கே தோட்டத்து மலை உச்சிக்கு மேல் அவருக்கு அது கிடைத்துவிட்டது. அன்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

மாலையில் சலாஹுதீனும் அவர் குடியிருந்த ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்துவிட்டான். கார்த்திகேசு வாசலைப் பார்த்துக் கத்தினார்.

"நல்லம்மா! வெளிச்சம் ஆகாதுன்னு எத்தனை தடவை சொல்றது? அந்த விளக்கை என் கண்ணுல படாத இடத்துக்குத் தூக்கிட்டுப் போ!"

"போறேன், போறேன். மூணு நாளா இதே பாட்டுத்தான்," என்று மனைவி கிளம்பிப் போனாள்.

இருட்டியது. ரப்பர் மரங்களை வெட்டிய வெற்று நிலத்துக்கு மேல் வானம் முழுக்க நட்சத்திரம். வடக்கே பார்த்த சலாஹுதீன் வாயைப் பிளந்தான்.

"யா அல்லா! துருவ நட்சத்திரமா இப்படி எரியுது?"

"முதநாள் மினுக் மினுக்னுதான் இருந்துச்சு. நேத்து கொஞ்சம் கூட. இன்னைக்குப் பாரு!" கார்த்திகேசு மலைப் பக்கம் கையை நீட்டினார். "வால்நட்சத்திரம் கிட்ட வந்தா வானத்துல என்னென்னமோ நடக்கும் போல."

அரைமணி நேரம் தொலைநோக்கியில் பார்த்தார். மற்றதெல்லாம் நகர்ந்துகொண்டிருக்க, அது மட்டும் மயிரிழையும் அசையவில்லை. அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அச்சை மறுபடி அதற்கு நேராக இறுக்கினார்.

பிறகு தொலைநோக்கியைத் தெற்கே திருப்பினார். வால்நட்சத்திரம் பஞ்சுப் பொதி போல் மிதந்தது. எத்தனை ராஜாக்கள் இதை அண்ணாந்து பார்த்துவிட்டுச் செத்துப் போயிருப்பார்கள்! கேமராவின் ஷட்டரைத் திறந்துவிட்டார்.

ஐந்தே நிமிஷம். தொலைநோக்கியின் குறுக்குக் கம்பியில் நிறுத்தியிருந்த நட்சத்திரம் நழுவியது. திருகைத் திருப்பினார். இன்னும் நழுவியது. மோட்டாரை முடுக்கினார். நட்சத்திரம் பக்கவாட்டில் ஓடியது.

"ஐயோ, போகுதுடா!"

"அண்ணே, அச்சை ஒரு தடவை..."

"அச்சைத் தொட்டே, கொன்னுடுவேன்! வானத்துல நகராதது அது ஒண்ணுதான். தப்பெல்லாம் மோட்டார்லதான்!"

அடுத்த வீட்டு ராக்காயி வெற்றிலையை மென்றுகொண்டே வந்தாள்.

"என்ன தம்பி, படம் விழுந்துச்சா?"

"இல்லக்கா. இன்னைக்கும் போச்சு."

"அடப் பாவமே! உன் படம் நல்லா விழணும்னு நல்லம்மா மூணு நாளா மலை உச்சி முனியாண்டிக்கு விளக்கு வைக்கிறா தம்பி. முதநாள் அகல், நேத்து அரிக்கேன். சாமிக்கு அதுவும் பத்தல போலன்னு இன்னைக்குக் கேஸ் லைட்டையே தூக்கிட்டுப் போயிட்டாளே!"