குத்தூசி ஒன்று

மூன்றாவது ஆணியும் வளைந்துவிட்டது. அகராதி அசைந்து கொடுக்கவில்லை.

ஆயிரத்து இருநூறு பக்கம். முதுகு விட்டுப்போய் மூன்று துண்டாக மேஜைமேல் கிடந்தது. துளை போட்டால்தானே நூல் கோர்த்துத் தைக்க முடியும்? துளை போடக் குத்தூசி வேண்டும். நூலகத்தின் பைண்டர், எட்டு மாதம் முன்பு வேலைக்குச் சேர்ந்த அன்றே குத்தூசி கேட்டு விண்ணப்பம் எழுதினார். பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. மறுபடி எழுதினார். முதல் விண்ணப்பம் பரிசீலனையில் இருப்பதால் இரண்டாவதைப் பரிசீலிக்க இயலாது என்று பதில் வந்தது.

இழுப்பறையின் மூலையில் ஒரு பழைய ஸ்க்ரூடிரைவர் கிடந்தது. மரப்பிடி. முனை மழுங்கியிருந்தது.

"நீ இனிமே எந்த ஸ்க்ரூவையும் திருப்பப் போறதில்ல. குத்தூசியாவாவது பிழைச்சுப் போ" என்று அதனிடமே சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டார்.

இரண்டு நாள் மதிய இடைவேளை முழுக்கப் பின்வாசல் கருங்கல் படியில் உட்கார்ந்து, தண்ணீர் தெளித்துத் தெளித்துத் தேய்த்தார். உப்புத்தாளால் மெருகேற்றி, முனையை அகராதியில் வைத்து அழுத்தினார். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றினாற்போல் இறங்கியது. சாயங்காலத்துக்குள் தையல் முடிந்தது. அட்டை ஒட்டுவது மட்டும்தான் பாக்கி.

பைண்டர் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது நூலகர் அம்மா வாசலில் தலையை நீட்டினார்.

"நாளைக்குப் பத்து மணிக்கு மேலிடத்துலேர்ந்து சாமான் சரிபார்க்க வர்றாங்க. உங்க ரூம்ல எல்லாம் அப்படியே இருக்குல்ல?"

பாட்டு நின்றது. "எல்லாம்னா மேடம்?"

"பட்டியல்ல இருக்கறது எல்லாம். உங்களுக்கு முன்னால இருந்தவர் ஒரு கத்தரிக்கோலைத் தொலைச்சுட்டு ஆறு மாசம் விளக்கக் கடிதம் எழுதினார். எழுதி எழுதியே கையெழுத்து அழகாயிடுச்சு அவருக்கு."

"அந்தப் பட்டியலைக் கொஞ்சம் பார்க்கலாமா மேடம்?"

"அது அவங்க கையிலதான் இருக்கும்."

பைண்டர் மேஜைமேல் இருந்த குத்தூசியைத் திரும்பிப் பார்த்தார். இழுப்பறையில் இருந்த ஸ்க்ரூடிரைவர் அரசாங்கச் சொத்தில்லாமல் வேறென்ன?

மறுநாள் காலையில் வீட்டிலிருந்த ஸ்க்ரூடிரைவரைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

"அதை எங்க தூக்கிட்டுப் போறீங்க?" என்றாள் மனைவி.

"என் வேலையைக் காப்பாத்த."

"அதுக்கு அவ்வளவு பலம் கிடையாதே!"

அவள் சொன்னது சரிதான். சிவப்புப் பிளாஸ்டிக் பிடியோடு அது பளபளவென்று மின்னியது. யார் பார்த்தாலும் நேற்று வாங்கியது என்பார்கள். நூலகத்துக்கு வந்ததும் பைண்டர் சுத்தியலால் பிளாஸ்டிக் பிடியை உடைத்தெடுத்தார். குத்தூசியின் மரப்பிடியைக் கழற்றி அதில் அடித்து மாட்டினார். நாலாவது அடியில் மரப்பிடி இரண்டாகப் பிளந்தது.

மணி ஒன்பதே முக்கால்.

பிளவில் சட்டென்று ஒட்டும் பசையைப் பிதுக்கி, மேலே பைண்டிங் துணியைச் சுற்றி, இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிடியிழந்த குத்தூசியை என்ன செய்வது? இடது கையாலேயே அதை அகராதியின் முதுகுக்குள் செருகி, மேலே அட்டையை ஒட்டி மறைத்துவிட்டார். பிறகு ஸ்க்ரூடிரைவரை மேஜைமேல் வைக்கப் பார்த்தார். அது வரவில்லை. உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

அதிகாரி அம்மா பட்டியலோடு உள்ளே வந்தார். பைண்டர் ஸ்க்ரூடிரைவரோடு கும்பிட்டார். அதிகாரி ஓரடி பின்வாங்கினார்.

"வேலைன்னு வந்துட்டா கருவியைக் கீழயே வைக்க மாட்டார்" என்று நூலகர் அம்மா சமாளித்தார்.

"கத்தரிக்கோல் இரண்டு. சுத்தியல் ஒன்று. அழுத்துப் பலகை நாலு" என்று வாசித்துக்கொண்டே அதிகாரி குறித்துக்கொண்டு போனார். பைண்டருக்குப் பொறுமை போய்விட்டது.

"ஸ்க்ரூடிரைவர் ஒண்ணு மேடம். இதோ இருக்கு!"

அதிகாரி பட்டியலை மேலும் கீழும் பார்த்தார். "ஸ்க்ரூடிரைவரே இதுல இல்லையே. பட்டியல்ல இல்லாத சாமான் எப்படி உள்ள வந்துச்சு?"

"என் சொந்தச் சாமான் மேடம்."

"ஆபீஸ் துணி சுத்தியிருக்கே? சரி, எங்க, கொடுங்க பார்ப்போம்."

"கொடுக்க முடியாது மேடம்."

"மறுக்கிறார்" என்று அதிகாரி எழுதிக்கொண்டார். "அடுத்து, குத்தூசி ஒன்று. எங்க?"

பைண்டரின் முகம் மலர்ந்தது. "இருக்கு மேடம், இருக்கு!" என்று அகராதியின் மேல் பாய்ந்தார். இடது கையால் அட்டையைப் பிய்த்தார். கூடவே முதுகும் வந்தது, நேற்றுப் போட்ட தையலும் வந்தது. அகராதி ஐந்து துண்டாகத் தரையில் விழ, நடுவிலிருந்து ஒரு மொட்டைக் கம்பி உருண்டு அதிகாரியின் செருப்பருகே போய் நின்றது.

"இதுவா குத்தூசி? பிடி எங்க?"

பைண்டர் வலது கையை உயர்த்திக் காட்டினார். அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. விண்ணப்பம், கருங்கல் படி, பசை எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். "பழைய ஸ்க்ரூடிரைவரைத் தேய்ச்சு நானே பண்ணினது மேடம். குத்தூசின்னு ஒண்ணை இந்த ரூம்ல நான் கண்ணால பார்த்ததே இல்ல."

"அப்ப அரசாங்கம் கொடுத்த குத்தூசி எங்கதான் போச்சு?" அதிகாரியின் குரல் கூடம்வரை கேட்டது.

எல்லோருக்கும் டீ எடுத்துக்கொண்டு வந்த வாட்ச்மேன் வாசலிலேயே நின்றார்.

"எங்கயும் போகலைம்மா. கேட் தாழ்ப்பாளை முடுக்க ஒண்ணும் கிடைக்கலைன்னு, போன வருஷம் நான்தான் அந்தக் குத்தூசி முனையைத் தட்டித் தட்டி ஸ்க்ரூடிரைவர் ஆக்கினேன்."