நஞ்சு குடிக்காதவர்களின் கொப்பி

திருகோணமலை மாவட்டத்தில் அடுத்தவனுடைய சட்டையை மோப்பத்தார் அளவுக்கு மணந்து பார்த்த மனிதர் இருந்ததுமில்லை, இனிப் பிறக்கப்போவதுமில்லை. தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. வரவுப் பதிவேட்டில் தினமும் அதை எழுதிக் கையெழுத்தும் போடுவார். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி யாராவது தேடி வந்தால், "அப்படி ஒருவரும் இங்கை இல்லை" என்று நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

எழுபதுகளின் முற்பகுதி. தம்பலகாமத்துப் பக்கம், நாலு புறமும் வயல் சூழ்ந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரி. டொக்டர் வாரத்தில் இரண்டு நாள் வருவார். யானை ரோட்டை மறித்தால் அதுவும் இல்லை. மற்ற நாட்களில் நோயாளிகளுக்கு மோப்பத்தார்தான் எல்லாம். மருந்து கலந்து கொடுப்பது அவருடைய வேலை. நான் கிளாக்கர்.

தலையிடி என்று ஒருவன் வந்து நின்றால், மற்ற ஆஸ்பத்திரிகளில் நாக்கை நீட்டச் சொல்வார்கள். மோப்பத்தார் எழும்பிப் போய் அவனுடைய கழுத்துப் பட்டியில் மூக்கை வைப்பார். கண்ணை மூடி ஒரு நீண்ட மூச்சு. பிறகு, "நேற்று என்ன மருந்து அடிச்சனீர்?" என்பார். வயலுக்கு அடிக்கும் பூச்சி மருந்தின் வாடை அவருக்கு அத்துபடி. எந்த வயல் வட்டையில் எந்த மருந்து அடிக்கிறார்கள் என்று சட்டையை வைத்தே சொல்வார். ஒருமுறை விவசாயக் கந்தோரிலிருந்து வெள்ளைச் சட்டையோடு வந்த ஓர் அதிகாரியையும் பழக்கதோஷத்தில் மணந்துவிட்டு, "நீங்கள் இந்தப் போகம் வயல் பக்கமே போகேல்லை" என்று சொல்லிவிட்டார். அவர் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

மணந்து முடிந்ததும் கொப்பி வெளியே வரும். தடித்த மட்டை போட்ட பள்ளிக்கூடக் கொப்பி. அதில் கேள்விகளை வரிசையாக எழுதி வைத்திருந்தார். காற்று எந்தப் பக்கம் அடித்தது? முதுகில் சுமந்து மருந்து அடிக்கும் மிசின் ஒழுகியதா? அடைத்துக்கொண்ட குழாயை வாயால் ஊதினீரா? கை கழுவாமல் சோறு தின்றீரா? வந்தவன் வாளிக்குள் குனிந்து சத்தி எடுத்துக்கொண்டிருப்பான். இவர் பக்கத்தில் குந்தியிருந்து, "எடும், எடும், ஆறுதலா எடும். காத்து வடக்காலையோ தெற்காலையோ?" என்பார்.

"என்னைச் சாக விடுங்க ஐயா," என்றான் ஒருநாள் ஒருவன்.

"சாகலாம். அதுக்கு முதல் காத்தைச் சொல்லும்."

இதையெல்லாம் அவர் ஏன் எழுதினார் என்றால், என்னால்தான். மாதக் கடைசியில் மேலிடத்துக்கு ஓர் அறிக்கை அனுப்புவது என் கடமை. அச்சடித்த படிவம். மலேரியா, வயிற்றோட்டம், பாம்புக் கடி, நாய்க் கடி, நஞ்சு அருந்தியோர் என்று கட்டங்கள் இருந்தன. நஞ்சைக் குடிக்காமல், முதுகில் சுமந்து, தோலாலும் மூச்சாலும் உள்ளே இழுத்து விழுந்தவனுக்குக் கட்டம் கிடையாது. நான் அவர்களை எல்லாம் "ஏனையவை" என்ற கடைசிக் கட்டத்தில் போட்டேன்.

"ஏனையவை எண்டால் என்ன வருத்தம் ஐசே?"

"படிவத்தில இடமில்லை, நான் என்ன செய்ய?"

"இடமில்லாட்டி ஆக்களும் இல்லை எண்டு நினைப்பாங்கள்."

நான் சிரித்தேன். அப்போது எல்லோரும் அவரைப் பார்த்துச் சிரித்தோம்.

ஒருமுறை எனக்குக் காய்ச்சல். எனக்குப் பதிலாக வந்த கிளாக்கர், கிண்ணியாவைச் சேர்ந்த ஹனீபா என்ற கூலியாளை "நஞ்சு அருந்தியோர்" கட்டத்தில் எழுதிவிட்டார். ஹனீபா முதுகில் சுமந்த மிசின் ஒழுகி, சட்டை நனைந்து, வரம்பிலேயே மயங்கி விழுந்தவன். கட்டத்தில் விழுந்ததும், தற்கொலை முயற்சி என்று பொலிஸ் வந்தது. அது போனதும் கதை கிளம்பியது. ஹனீபா வேறு ஒருத்திக்காக நஞ்சு குடித்தானாம். மூதூரில் அவனுக்குப் பேசி வைத்திருந்த பெண்ணின் தகப்பன் கலியாணத்தை நிறுத்திவிட்டார்.

மோப்பத்தார் ஹனீபாவின் கழுவாத சட்டையை பன்புல்லில் இழைத்த ஒரு பைக்குள் கட்டினார். என்னையும் இழுத்துக்கொண்டு நகரத்துக்கு வந்து மூதூர் போகும் லோஞ்ச் படகில் ஏறினார். ஜெற்றியை விட்டு வெளிக்கிட்டுக் கொஞ்ச நேரத்தில் சனம் எங்களை விட்டு விலகத் தொடங்கியது. எல்லோரும் ஒரே பக்கம் ஒதுங்கியதில் லோஞ்ச் சாய்ந்தே போனது.

"ஐயா, அந்தப் பையக் கடல்ல போடுங்க. இல்லாட்டி நீங்க இறங்குங்க," என்றார் லோஞ்ச்காரர்.

"இது ஒரு பொம்பிளைப் பிள்ளையின்ரை வாழ்க்கை தம்பி. கடலிலை போட ஏலாது."

பெண்ணின் தகப்பன் மீன் வியாபாரி. எங்களைக் கதிரையில் இருத்தினார். முகத்தை மட்டும் கொடுக்கவில்லை.

"நஞ்சு குடிச்ச மாப்பிள்ளைக்கி எப்பிடி ஐயா புள்ளயக் குடுக்கிற?"

"குடிக்கேல்லை, காக்கா. குளிச்சவன்," என்றார் மோப்பத்தார். பையை அவிழ்த்துச் சட்டையை நீட்டினார். "மணந்து பாருங்கோ. முதுகுப் பக்கம்தான் மணக்கும். குடிச்சவனுக்கு முதுகு மணக்குமோ?"

மீன் வியாபாரி மணந்தார். கண்ணில் நீர் வழிந்தது. தும்மினார். பிறகு கொப்பியை வாங்கி, எழுத்துக் கூட்டி, ஹனீபாவின் பக்கத்தை முழுதாகப் படித்தார். காற்று தெற்கிலிருந்து அடித்தது என்பது வரைக்கும். கொப்பியை மூடி, உள்ளே திரும்பி, "புள்ள, ஐயாமாருக்குச் சோறு போடு" என்றார்.

கலியாணம் நடந்தது. மோப்பத்தார் மாப்பிள்ளையின் புதுச் சட்டையையும் மணந்துவிட்டுத்தான் பந்தியில் இருந்தார். "இனி மிசினைத் தொடாதையும்" என்று சொல்லியும் வைத்தார். ஹனீபா வெட்கப்பட்டுச் சிரித்தான். "வேற தொழில் ஒண்டு காட்டுங்க ஐயா, விட்டுர்றன்."

காட்டுவதற்கு எங்களிடம் தொழில் இருக்கவில்லை. ஹனீபாவின் வயல்காரரிடம் போய், மிசினையாவது திருத்தச் சொல்லிக் கேட்டார் மோப்பத்தார். போகம் முடியட்டும் என்றார் வயல்காரர்.

அடுத்த பெரும்போகத்தில், ஒரு காலை பத்து மணிக்கு ஹனீபாவை உழவு மிசின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். வரும்போதே மூச்சு இல்லை. முதுகில் சட்டை ஒட்டிக்கிடந்தது.

மோப்பத்தார் மணக்கவில்லை. ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சட்டையைக் கத்தரித்து எடுத்தார். சவர்க்காரமும் தண்ணீரும் கொண்டுவரச் சொல்லி, ஹனீபாவைத் தலையிலிருந்து கால் வரை மெதுவாகக் கழுவத் தொடங்கினார்.

"செத்தவனைக் கழுவி என்ன ஐயா?" என்றார் கூட வந்தவர்.

"வீட்டை கொண்டுபோனால் மனிசி கட்டிப்பிடிப்பாள். அவளுக்கும் பட்டிடும்."

கூட வந்தவர் வாளியைத் தூக்கித் தண்ணீர் ஊற்றினார்.

மரணப் பத்திரத்தில் இதயம் நின்றதாக எழுதப்பட்டது. "சாகேக்கை ஆருக்கு ஐசே இதயம் ஓடுறது?" என்று மோப்பத்தார் என்னிடம் கேட்டார்.  அந்த மாத அறிக்கையில் ஹனீபாவை "ஏனையவை" கட்டத்தில் எழுதினேன். எழுதும்போது அவர் என் மேசைக்கு எதிரே நின்றார். பேனா ஒருகணம் தயங்கியது உண்மை. தயங்கிவிட்டு எழுதியதும் உண்மை.

அடுத்த கிழமை கொப்பியைத் தூக்கிக்கொண்டு மேலிடத்துக்குப் போனார். சாட்சிக்கு நானும் போனேன். அந்தக் கந்தோரின் பெரியவர் நல்ல மனிதர். பொறுமையாகக் கேட்டார். பிறகு அலுமாரியைத் திறந்து ஒரு காகிதக் கோவையை எடுத்து எங்கள் முன்னால் விரித்தார்.

"நீங்கள் சொல்லுறதை நம்ப எனக்கு விருப்பம். ஆனால் பாருங்கோ, உங்கடை ஆஸ்பத்திரி அறிக்கைதான் இது. வருசக்கணக்கா வயல் மருந்தாலை ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லையே."

ஒவ்வொரு தாளிலும் கீழே என் கையெழுத்து. அழகான கையெழுத்து என்று எனக்கு அதில் பெருமை இருந்தது. மோப்பத்தார் தாள்களைப் புரட்டினார். என் பக்கம் ஒரு விரலை நீட்டியிருந்தால் போதும். "படிவத்திலை இடமில்லை சேர்," என்று மட்டும் சொன்னார்.

பெரியவர் கொப்பியைப் பரிசீலனைக்கு வாங்கி வைத்தார். பிறகு மூன்று தடவை கேட்டுப் போனோம். முதல் தடவை, கொப்பி அலுமாரிக்குள் இருந்தது. இரண்டாம் தடவை, அலுமாரிச் சாவி வைத்திருந்த திறப்புக்காரர் லீவில். மூன்றாம் தடவை, அலுமாரியே வேறு கந்தோருக்குப் போய்விட்டது.

அந்த மாதம் நான் அடிமட்டம் எடுத்து, படிவத்தில் பேனாவால் புதுக் கட்டம் ஒன்று கீறினேன். "வயலில் மருந்து அடித்து நோயுற்றோர்" என்று தலைப்பிட்டு, ஆட்களை அதில் எழுதி அனுப்பினேன். சிவப்பு மையில் திரும்பி வந்தது: அச்சிட்ட படிவத்தில் கிறுக்க வேண்டாம். எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம். தூண்டிவிட்டவர் என்று மோப்பத்தாருக்கு இடமாற்றம், மலைநாட்டுக்கு.

"அங்கை வயல் இல்லை. நிம்மதியா இருக்கலாம்," என்றேன். வேறு என்ன சொல்ல?

"தேயிலைக்கும் மருந்து அடிக்கினம்தானே," என்றார். கடைக்குப் போய் ஒரு புதுக் கொப்பி வாங்கினார்.

அவர் மலைநாட்டில் எத்தனை கொப்பி எழுதினாரோ, அவை எந்த அலுமாரிக்குப் போயினவோ தெரியாது. சில வருடங்களில் அவர் இறந்துபோன செய்தி வந்தது. நான் ஓய்வு பெறும் வரைக்கும் படிவம் மாறவில்லை. ஏனையவை என்று எழுதித்தான் ஓய்வு பெற்றேன்.

அவரை வழியனுப்பக் கண்டி ரோட்டுக்குப் போன அந்த மத்தியானம் எனக்கு மறக்காது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழி நெடுக வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டு போனேன். பஸ் வந்துவிட்டது. மோப்பத்தார் ஏறி, ஜன்னலால் தலையை நீட்டி, "ஏன் ஐசே வெயிலுக்கை நிக்கிறீர்? அந்த மரத்தடிக்குப் போம்," என்றார்.

பஸ் கண்ணுக்கு மறைந்து வெகுநேரம் ஆகும் வரை, நான் அந்த வெயிலிலேயே நின்றேன்.