தாலாட்டில் கன உலோகம்

இந்தக் கதையில் சிரிப்பு உண்டு. ஆனால் உடனே கிடைக்காது. சிரிப்பு வருவதற்கு முன் ஒரு கோப்பு வர வேண்டும். கோப்பு வருவதற்கு முன் ஒரு விண்ணப்பம் வர வேண்டும். அதுவரை வாசகப் பெருமக்கள் முகத்தை நேராக வைத்துக்கொண்டு, வரிசை குலையாமல் காத்திருக்குமாறு இதன்மூலம் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

கலப்படத் தடுப்புத் துறையில் முதுநிலை ஆய்வாளர் ஒருவர் இருந்தார். முப்பத்தோரு வருட சர்வீஸ். பால், எண்ணெய், தேயிலை, மிளகாய்த்தூள் என்று அவர் மோந்து பார்க்காத பொருள் கிடையாது. ஒன்றிலாவது கலப்படத்தைக் கண்டுபிடித்ததும் கிடையாது. செங்கல் தூளை நீட்டி மிளகாய்த்தூள் என்றால்கூட மோந்து பார்ப்பார், தும்மல் வரும், தும்மல் வந்ததால் மிளகாய்தான் என்று முடிவு கட்டி "சுத்தம்" என எழுதிக் கையெழுத்துப் போடுவார். அதனால் ஆபீசில் அவருக்குச் சுத்தம் சார் என்றே பெயர். அவர் முன்னால் சொன்னால் அது பாராட்டு. அவர் போன பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டு "சுத்தம்!" என்றால் அது வேறு.

ஓய்வுபெற இருபத்தாறு நாள்தான் பாக்கி. அதற்குள் ஒரே ஒரு கலப்படத்தைப் பிடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் பிரிவுபசாரக் கூட்டத்தில் மேலதிகாரி என்னத்தைச் சொல்லுவார்? "நேரத்துக்கு வருவார், நேரத்துக்குப் போவார்" என்பார். அதை மனைவி வேறு முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பாள்.

அந்த நேரம் பார்த்துக் கோப்பு வந்தது.

வந்த கதை இது. ஒரு தையல்கடை. அதை நடத்துகிற மாமியார் தாலாட்டுப் பாடுவதில் கெட்டிக்காரர். மருமகள் கிதாரில் ஹெவி மெட்டல் என்கிற அதிரடி மேற்கத்திய இசை வாசிப்பதில் கெட்டிக்காரி. ரெண்டையும் சேர்த்து நாலு வருஷமாகக் கடையிலேயே ஒத்திகை பார்த்து, முதல்முறையாக நகர அரங்கில் மேடையேற விண்ணப்பித்தார்கள். "ஹெவி மெட்டல் கலந்த தாலாட்டு இசை" என்று மருமகள் தெளிவாகத்தான் எழுதியிருந்தாள். ஆனால் விண்ணப்பம் தூய தமிழில் இருந்தால்தான் அரங்கு அலுவலகத்தில் முத்திரை விழும். தட்டச்சர் கலைச்சொல் பட்டியலைப் புரட்டி, ஹெவிக்குக் "கன" என்றும் மெட்டலுக்கு "உலோகம்" என்றும் போட்டார். வரி ஓரத்தைத் தாண்டியதால் "இசை"யை எடுத்துவிட்டார். கடைசியில் பொருள் இப்படி நின்றது: "கன உலோகம் கலந்த தாலாட்டைச் சனிக்கிழமை மாலை பொதுமக்களுக்கு வழங்க அனுமதி கோருதல்."

"கலந்த" என்ற சொல்லைக் கண்டதும் அரங்கு அலுவலகம் அதைக் கலப்படத் தடுப்புத் துறைக்குத் தள்ளிவிட்டது. சுத்தம் சார் அதை நாலு முறை படித்தார். தாலாட்டு என்பது கைக்குழந்தைக்குக் கொடுப்பது. அதில் ஈயம், பாதரசம் மாதிரி நஞ்சான கன உலோகம். அதையும் எழுதிக் கொடுத்துக் கையெழுத்தும் போட்டிருக்கிறார்கள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கலப்படக்காரர்களே இப்படி மனமுவந்து விண்ணப்பித்தால் துறை எங்கேயோ போய்விடும்.

தையல்கடை பத்துக்குப் பன்னிரண்டு அடி. மூலையில் ஆம்ப்ளிஃபயர், அதன்மேல் இஞ்ச் டேப், தைத்து முடித்த சட்டைகளோடு சட்டையாகக் கொக்கியில் ஒரு கிதார். மாமியார் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். சுத்தம் சார் முக்காலியில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

"தாலாட்டு யாரோடது?"

"என்னோடது தம்பி. எங்கம்மா குடுத்தது."

"எப்படிக் குடுத்தாங்க?"

"வாய்வழியாத்தான்."

"வாய்வழி" என்று எழுதி அடிக்கோடு போட்டார். "உலோகம்?"

"அது என்னோடது சார்," என்றாள் மருமகள். "இன்டர்நெட்ல இறக்கிக் கத்துக்கிட்டேன்."

"இறக்குமதி. லைசென்ஸ் இருக்கா?"

மருமகள் அவர் முகத்தைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள், நோட்டின் அட்டையில் இருந்த துறையின் பெயரைப் பார்த்தாள். விஷயம் புரிந்துவிட்டது. விளக்கிச் சொன்னால் புது விண்ணப்பம், புதுக் கோப்பு; சனிக்கிழமை போயே போய்விடும். உதட்டைக் கடித்துக்கொண்டாள். "இல்ல சார். எல்லாரும் சும்மாதான் இறக்குறாங்க."

"ரெண்டையும் கலந்தது யாரு?"

"நாங்க ரெண்டு பேரும்தான்," என்றார் மாமியார். "மாமியாரும் மருமகளும் எங்கேடி கலக்கப் போறீங்கன்னு குடும்பமே சிரிச்சுது."

"விகிதம்?"

"ஆரம்பத்துல துளியூண்டு சார். போகப் போகப் பாதிக்குப் பாதி. நடுவுல அத்தை மூச்சு வாங்கும்போது உலோகம் மட்டும்."

"இதுவரைக்கும் எந்தக் குழந்தைக்காவது குடுத்திருக்கீங்களா?"

"மாடிவீட்டுக் குழந்தைக்குக் குடுத்தோம்."

"என்ன ஆச்சு?"

"தூங்கிடுச்சு."

பேனா நின்றது. "எழுந்திரிச்சுதா?"

"காலையில எழுந்து, இன்னும் வேணும்னு ஒரே அழுகை."

"அடிமையாக்கும் தன்மை உடையது" என்று எழுதி இரண்டு அடிக்கோடு போட்டார். பையிலிருந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலை எடுத்து நீட்டினார். "மாதிரி எடுக்கணும். இதுல ஊத்துங்க."

மாமியார் மருமகளைப் பார்த்தார். "ஊத்துங்க அத்தை," என்றாள் மருமகள், கல்லுப்போல முகத்தை வைத்துக்கொண்டு. மாமியார் பாட்டிலின் வாயில் வாய் வைத்து ஒரு அடி பாடினார். மருமகள் கிதாரை இறக்கி ஆம்ப்ளிஃபயரில் செருகி, பாட்டிலைப் பார்த்து ஒரு இழு இழுத்தாள். நூல்கண்டுகள் அலமாரியிலிருந்து உருண்டன.

"தளும்புது சார், மூடிடுங்க."

சட்டென்று மூடி, அரக்கு உருக்கி முத்திரை வைத்தார்.

ஆய்வகத்திலிருந்து பதில் வந்தது. "மாதிரியில் கன உலோகம் காணப்படவில்லை. தாலாட்டும் காணப்படவில்லை. பாட்டில் நல்ல நிலையில் உள்ளது."

வேறு ஆளாக இருந்தால் அத்தோடு விட்டிருப்பார். சுத்தம் சார் யோசித்தார். போட்டது இல்லையென்றால் ஆவியாகியிருக்கிறது. ஆவியாகும் என்றால் மூச்சில் போகும். ஆகவே மக்கள் மூச்சிழுக்கும்போது கையும் களவுமாகப் பிடிப்பதுதான் வழி. மூன்று நிபந்தனைகளோடு அனுமதி கொடுத்தார்: மேடையில் உலோகத்துக்கும் தாலாட்டுக்கும் மூன்று மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும், உள்ளே வருவோர் முகக்கவசம் அணிய வேண்டும், வாசலில் "உள்ளே கன உலோகம். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்" என்ற பலகை தொங்க வேண்டும்.

மருமகள் நாற்பது பேரை எதிர்பார்த்திருந்தாள். பலகையின் படம் ஊரெல்லாம் சுற்றியதில் எண்ணூறு பேர் வந்தார்கள். முகக்கவசம்தான் இப்போதைய ஸ்டைல் என்று கேள்விப்பட்டுச் சிலர் இரண்டு மாட்டிக்கொண்டு வந்தார்கள். கலை விமர்சகர் ஒருவர் மேடையின் மூன்று மீட்டரை வெகுநேரம் உற்றுப் பார்த்து, "மரபுக்கும் நவீனத்துக்கும் நடுவிலுள்ள தீராத தவிப்பு" என்று குறித்துக்கொண்டார்.

பாட்டு தொடங்கியது. மாமியார் கண்ணை மூடி "ஆராரோ" என்றார். மூன்று மீட்டர் தள்ளி மருமகள் கிதாரைக் கிழித்தாள். சுத்தம் சார் உலோக நஞ்சின் அறிகுறிகளைச் சொல்லும் துறைக் கையேட்டை விரித்து வைத்துக்கொண்டு கூட்டத்தைக் கவனித்தார். கையேட்டில் "தலை நடுக்கம்" என்று இருந்தது. எண்ணூறு தலைகளும் மேலும் கீழும் ஆடின. "காரணமற்ற கூச்சல்" என்று இருந்தது, அரங்கிலும் அது இருந்தது. "விரல்கள் செயலிழத்தல்" என்று இருந்தது. ஹெவி மெட்டல் ரசிகர்களின் வழக்கப்படி எல்லாரும் கையைத் தூக்கியிருந்தார்கள், ஆள்காட்டி விரலும் சுண்டுவிரலும்தான் நிமிர்ந்து நின்றன, நடுவில் இரண்டும் மடங்கிப் போயிருந்தன. அவர் தலையும் மெல்ல ஆடத் தொடங்கியதை அவரே கண்டுபிடித்தபோது, பொறுக்க முடியாமல் மேடையேறி மைக்கைப் பிடித்தார்.

"நீங்க எல்லாரும் கன உலோகத்தால பாதிக்கப்பட்டிருக்கீங்க."

"ஆமா!" என்றது கூட்டம்.

"எவ்வளவு நாளா?"

"சின்ன வயசுலேருந்து!"

"மருந்து வேணுமா?"

"வேண்டாம்!"

எண்ணூறு ஒப்புதல் வாக்குமூலம். அறிக்கை திங்கட்கிழமை மேலே போனது. மேலே இருந்தவர்கள் படித்து அதிர்ந்தார்கள். படிக்காதவர்கள் இன்னும் அதிகமாக அதிர்ந்தார்கள். பதினான்கு பணியிடங்களோடு தாலாட்டுத் தூய்மைப் பிரிவு என்று ஒன்று உருவானது. சுத்தம் சாருக்கு இரண்டு வருடப் பணி நீட்டிப்பு கொடுத்து அதற்குத் தலைவராக்கினார்கள். மனைவி அன்று அவரை இரண்டு முறை "என்னங்க" என்று கூப்பிட்டாள். இனி உலோகமில்லாச் சான்றிதழ் இல்லாமல் எந்த வீட்டிலும் தாலாட்டுப் பாடக் கூடாது என்று ஆணை வந்தது. மக்கள் வீட்டில் பாடி, பாட்டிலில் அடைத்து எடுத்து வந்தார்கள். பாட வராதவர்களுக்காகக் கடைகளில் "சுத்திகரிக்கப்பட்ட தாலாட்டு" அரை லிட்டர், ஒரு லிட்டரில் கிடைத்தது. ஒரு லிட்டர்தான் வேகமாகப் போனது.

ஒருநாள் வரிசையில் மாமியார் வந்து நின்றார், கையில் பாட்டிலோடு.

"நீங்களா? நீங்க கலக்குற ஆளாச்சே."

"உலோகம் மருமகளோடது தம்பி, தாலாட்டு மட்டும்தான் என்னோடது. சர்டிபிகேட் இல்லாம குழந்தை பக்கம் வராதீங்கன்னு மாடிவீட்டுக்காரி சொல்லிட்டா."

சுத்தம் சார் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. கேஸ் முடிஞ்சுது, இனி ஒண்ணும் பண்ண மாட்டேன். அன்னிக்கு மேடையைப் பெருக்கிப் பார்த்தேன், ஒரு துகள்கூடக் கிடைக்கல. அந்த உலோகத்தை எங்கதான் ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

மாமியார் பாட்டிலை இடுப்பில் இடுக்கிக்கொண்டார். "உங்ககிட்ட யாருமே சொல்லலையா? மெட்டல்ங்கறது ஒரு வகைப் பாட்டு தம்பி. என் மருமக கிதார்ல வாசிச்சாளே, அதான் அது. பேரு அப்படி, அவ்வளவுதான். நாய்க்குடைன்னா அதை நாயா பிடிச்சுக்கிட்டு நிக்குது?"

உருகிய அரக்கு அவர் விரலில் சொட்டியது. அவர் கவனிக்கவில்லை. ஆடிய தலைகள் ஒவ்வொன்றாக அவர் கண்முன் வந்து போயின.

"அப்போ இந்தப் பாட்டில்ல..."

"காத்துதான்."

அவர் வாசலைப் பார்த்தார். வரிசை படியிறங்கித் தெருமுனை தாண்டிப் போயிருந்தது. ஒவ்வொருவரும் உள்ளே இருப்பது ஓடிவிடாமல் பாட்டிலின் வாயை உள்ளங்கையால் இறுக்கிப் பொத்தியிருந்தார்கள். முதுகுக்குப் பின்னால் பதினான்கு புது நாற்காலிகளில் பதினான்கு பேர் குனிந்த தலை நிமிராமல் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

சுத்தம் சார் மாமியாரின் பாட்டிலை வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, முத்திரை வைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

"குலுக்காம எடுத்துட்டுப் போங்கம்மா," என்றார். "அடுத்தவங்க வாங்க."